சுழல்வதும் மறைவதும்: 'ட்றேஷ்விண்டெல்' என்னும் ஜேர்மன் சொல்லின் வரலாறு

ஜேர்மன் மொழி பேசும் ஒருவர் தம்மைச் சூழ்ந்துள்ள அறையும் பொருள்களும் சுழல்வதாக வைத்தியரிடம் முறையிடுவாராயின், வைத்தியர் தமது குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் சொல் 'ட்றேஷ்விண்டெல்' என்பதாகும். இதன் முற்பகுதியாகிய 'ட்றே' சுழல்தலைக் குறிக்கும். பிற்பகுதியாகிய 'ஷ்விண்டெல்' தலைச்சுற்றைக் குறிக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கூறின், 'சுழல் தலைச்சுற்று' என்றாகின்றது. தலைச்சுற்று என்ற அளவிலே சுழற்சி அதனுள் அடங்கிவிடவில்லையா? அதற்கு முன்னால் மற்றுமொரு சுழற்சியைச் சேர்ப்பானேன்? நமது இலக்கண ஆசிரியர்கள் இதனைக் 'கூறியது கூறல்' என்னுங் குற்றத்தின்பாற் படுத்தியிருப்பர். இதனினும் வியப்பானது, 'ஷ்விண்டெல்' என்னும் அதே சொல் ஜேர்மனியரின் அன்றாட வழக்கிலே பொய், ஏமாற்று என்னும் பொருளிலும் வழங்குவதாகும். நோயொன்றன் பெயரே மோசடியின் பெயராகவும் அமைந்தது எவ்வாறு என்பதையும், அவ்வாறு அமைந்தமையால் யாவர் பாதிக்கப்பட்டனர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் தொகையின் அமைப்பை நோக்குவோம். ஜேர்மன் மொழியிலே தொகைச்சொல்லின் இறுதி உறுப்பே தலைமை உறுப்பு. முன்னுள்ளது அதனைச் சிறப்பிக்கும். 'ட்றேஷ்விண்டெல்' என்பதில் முன்னிற்பது 'ட்றேஹென்' என்னும் வினையின் பகுதி மட்டுமே. காலங்காட்டும் உறுப்போ எச்ச விகுதியோ அங்கில்லை. ஊறுகாய், சுடுசோறு முதலிய நமது வினைத்தொகைகளை அறிந்த தமிழ் மாணவனுக்கு இவ்வமைப்பு அந்நியமானதன்று. 'சுழல்மயக்கம்' என்று நாம் ஒரு சொல்லை ஆக்கினால், அமைப்பில் அது ஜேர்மன் சொல்லின் உடன்பிறப்பாகவே தோன்றும். இங்கு சுழல்வது மயக்கமன்று என்பதும் கவனிக்கத்தக்கது. உலகம் சுழல்வதாகத் தோன்றுகின்றது. அத்தோற்றத்தையுடைய மயக்கம் என்பதே பொருள். இவ்வுறவுகளையெல்லாம் வெளிப்படக் கூறாது உள்ளே தொகுத்து வைத்திருப்பதனாலேயே தொகை, தொகை எனப்படுகின்றது.

'ட்றேஹென்' பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. முறுக்குதல், திருகுதல் என்பன அதன் பழைய பொருள்கள். முறுக்கப்பட்ட நூலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய 'த்றெட்' என்பதும், கம்பியைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லாகிய 'ட்றாற்' என்பதும் அதன் இனச்சொற்கள். எறிதலைக் குறிக்கும் 'த்றோ' என்ற ஆங்கில வினையும் பழைய ஆங்கிலத்திலே முறுக்குதலையே குறித்தது. அதன் வழி நேரானது; இன்றும் திருகுவதையும் சுழல்வதையும் குறித்துக் கொண்டிருக்கின்றது.

'ஷ்விண்டெல்' நடந்த வழியோ நேரானதன்று. சுழற்சிக்கும் அதன் வேருக்கும் தொடர்பே இல்லை. அது 'ஷ்விண்டென்' என்னும் வினையிலிருந்து பிறந்தது. பழைய உயர் ஜேர்மனில் 'ஸ்விண்டன்' என வழங்கிய இவ்வினை தேய்தல், மெலிதல், குறைந்து குறைந்து இல்லாதொழிதல் என்னும் பொருள்களை உடையது. இன்றைய ஜேர்மனில் மறைந்துபோதலைக் குறிக்கும் 'வெர்ஷ்விண்டென்' என்பதும் இதன் வழிவந்ததே. உடலை உருக்கும் சயரோகத்தை ஜேர்மனியர் முன்னர் 'ஷ்விண்ட்ஸுஹ்ற்' என்றனர். 'தேய்வு நோய்' என்பது அதன் நேர்ப்பொருள். நாம் வழங்கும் 'சயம்' என்ற சொல்லும் தேய்வைக் குறிக்கும் வடசொல்லின் திரிபே. ஒரே நோயை நோக்கிய இரு மரபினர், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே உருவகத்தைத் தெரிந்தெடுத்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

'ஸ்விண்டன்' என்பதுடன் லகர இடைநிலை சேர்ந்து 'ஸ்விண்டிலோன்' என்னும் புதுவினை தோன்றியது. இவ்விடைநிலை ஜேர்மன் மொழியில் ஒரு செயல் சிறிது சிறிதாகவோ மீண்டும் மீண்டுமோ நிகழ்வதைக் காட்டும். ஒலித்தலைக் குறிக்கும் 'கிளிங்கென்' என்பது 'கிளிங்கெல்ன்' எனும்போது மணி விட்டுவிட்டு ஒலிப்பதைக் குறிக்கும்; இருமுதலைக் குறிக்கும் 'ஹூஸ்டென்' என்பது 'ஹ்யூஸ்டெல்ன்' எனும்போது மெல்லிய தொடர்ச் செருமலைக் குறிக்கும். நாம் இப்பொருளை அடுக்கியும் இரட்டித்தும் உணர்த்துகின்றோம். 'கிறுகிறுப்பு' என்பதே தக்க உதாரணம். ஆகவே 'ஸ்விண்டிலோன்' என்பதன் அடிப்பொருள், உணர்வு அலையலையாக மங்கி மறைதல் என்றாகும். கண் இருளுதல், அறிவு நழுவுதல், நிலம் காலின்கீழ் இல்லாது போதல் ஆகிய அனுபவமே இச்சொல்லின் கரு.

பிறமொழிகள் வேறு வழிகளை நாடின. இலத்தீன் 'வேர்ட்டிகோ' திரும்புதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து வந்தது. கிரேக்கர் இருளையும் சுழலையும் இணைத்து 'ஸ்கொற்றொடினியா' என ஒரு தொகையை ஆக்கினர். இருளையும் சுழலையும் ஒருங்கே பிடித்த அவர்களது கூர்மை பாராட்டத்தக்கது. ஆங்கிலேயரின் 'டிஸி' பழங்காலத்தில் மூடத்தனத்தையும், 'கிடி' தெய்வமேறியவரின் நிலையையும் குறித்தன. சுழற்சி, இருள், பேதைமை, ஆவேசம், மறைவு எனத் தலைசுற்றியவர்கள் தத்தம் அனுபவத்துக்கு வெவ்வேறு பெயரிட்டுள்ளனர். எனவே, முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகின்றது. 'ட்றேஷ்விண்டெல்' என்பதிற் கூறியது கூறல் இல்லை. மறைதலைக் கூறும் சொல்லுடன் சுழல்தலைக் கூறும் சொல் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அச்சேர்க்கை ஏன் தேவைப்பட்டது என்பதே எஞ்சியுள்ள வினா.

அதற்குமுன் இலக்கணத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தலை சுற்றும் ஜேர்மனியர் 'மியர் ஷ்விண்டெல்ற்' என்பர். 'மியர்' என்பது 'எனக்கு' என்னும் நான்காம் வேற்றுமை உருவம். நாம் 'எனக்குத் தலை சுற்றுகின்றது' என்பதுபோல. அவர்களே 'நான்' என்னும் எழுவாயை இட்டு 'இஹ் ஷ்விண்ட்லெ' என்றால், 'நான் பொய் சொல்லுகின்றேன்' என்று பொருளாகிவிடும். வினை ஒன்றே, வேற்றுமையே வேறு. 'எனக்கு' எனும்போது பேசுபவர் துன்பத்தை அனுபவிப்பவர். 'நான்' எனும்போது துன்பத்தை விளைப்பவர். அனுபவிப்பவருக்கும் செய்பவருக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாட்டை இலக்கணம் காத்தது. மனிதர் பலகாலும் காக்கத் தவறினர். இச்சொல்லின் பிற்கால வரலாறு பெரும்பாலும் அத்தவறுகளின் வரலாறே.

உடலிலிருந்து ஒழுக்கத்துக்கு இச்சொல்லைப் பெயர்த்ததிற் சமய இலக்கியத்துக்குப் பெரும் பங்குண்டு. 1534இல் முழுமையாக வெளிவந்தது மார்ட்டின் லூதரின் விவிலிய மொழிபெயர்ப்பு. எகிப்தின் ஆலோசகர்கள் நெறிபிறழ்ந்து, நாட்டைக் குடிகாரன்போலத் தள்ளாடச் செய்வதை ஏசாயா தீர்க்கதரிசி வருணிக்குமிடம் ஒன்றுண்டு. இலத்தீன் விவிலியம் அங்கே 'தலைச்சுற்றின் ஆவி' என்னும் பொருள்படும் தொடரைக் கொண்டிருந்தது. லூதர் அதனை ஒரே தொகையாக்கி 'ஷ்விண்டெல்கைஸ்ட்' என்றார். விவிலியம் வீடுதோறும் வாசிக்கப்பட்ட நாட்டிலே அச்சொல் பரவாதிருக்குமா? காலப்போக்கில், மதவெறியாலோ மிகைக் கற்பனையாலோ மதிமயங்கியவர்களைச் சுட்டும் வசைமொழியாக அது மாறிற்று. 'ஷ்விண்ட்லெர்' என்ற ஆட்பெயரும் அவ்வழியே தோன்றியது. ஆகாயத்திற் கோட்டை கட்டுபவன், நிலையற்ற சித்தத்தன் என்பதே அதன் தொடக்கப் பொருள். அவன் பிறரை ஏமாற்றுபவனல்லன், தானே ஏமாந்தவன். தமிழிலே 'மயக்கம்' என்ற சொல் தளர்வையும் மருட்சியையும் ஒருங்கே சுட்டுவதையும், தொல்காப்பியம் வேற்றுமைகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று கலந்து நிற்றலை ஆராயும் இயலுக்கு 'வேற்றுமை மயங்கியல்' எனப் பெயரிட்டிருப்பதையும் அறிந்த நமக்கு, இப்பொருள் விரிவு இயல்பானதாகவே படும். மயங்குபவனை மயக்குபவனாக்கிய அடுத்த படியே பாரதூரமானது.

அப்படி ஜேர்மனியில் மட்டும் நிகழ்ந்ததன்று. இலண்டன் நகருக்கும் அதிற் பங்குண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'ஷ்விண்ட்லெர்' ஆங்கிலத்திற் புகுந்து 'ஸ்விண்ட்லர்' ஆகி, பிறர் பணத்தை வஞ்சித்துப் பறிப்பவன் என்ற திட்டமான பொருளைப் பெற்றது. பின்னர் அப்பொருள் ஜேர்மன் மொழிக்கே திரும்பிச் சென்று பழைய சொல்லின்மேற் படிந்தது. கடனாகக் கொடுத்த சொல் வட்டியுடன் திரும்பிய கதை எனலாம். 1762ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் வாழ்ந்த ஜேர்மன் யூதர்களே இச்சொல்லை அங்கே கொணர்ந்தனர் என ஆங்கில அகராதி மரபிலே ஒரு செய்தி வழங்கி வருகின்றது. இச்செய்தியை நாம் எச்சரிக்கையுடன் கையாளவேண்டும். அது உண்மையேயாயினும், ஜேர்மன் சொல்லொன்றை ஜேர்மன் பேசுவோர் கொண்டுவந்தனர் என்பதற்கு மேல் அதனால் எதுவும் நிறுவப்படுவதில்லை. களவைக் கண்டு கூவுபவனும் 'கள்ளன்' என்ற சொல்லையே பயன்படுத்துகின்றான். ஆயினும் சொல்லைக் கொணர்ந்தவர் யார் என்ற தகவலைச் செயலைக் கொணர்ந்தவர் யார் என்பதற்குச் சான்றாக வாசிக்க முற்படுவோருக்கு இத்தகைய குறிப்புகள் எப்பொழுதும் வாய்ப்பளிக்கின்றன. சொற்பிறப்பியல் குற்றப் பத்திரிகையாக மாறும் இடம் இது.

இதே நூற்றாண்டில் 'ஷ்விண்டெல்' அறிவாராய்ச்சிக்கும் உரிய பொருளாயிற்று. 1786இல் பேர்லினில் 'தலைச்சுற்றுப் பற்றிய முயற்சியுரை' என்னும் பொருள்படும் தலைப்புடன் ஒரு நூல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் மார்க்குஸ் ஹெர்ட்ஸ் யூத வைத்தியர். தத்துவஞானி கான்ற்றின் மாணவர். 1770இல் கான்ற் பேராசிரியப் பதவிக்கான தமது ஆய்வுரையை நிலைநாட்டியபோது துணைநின்று விடையிறுக்கும் பொறுப்பினை இந்த ஹெர்ட்ஸிடமே ஒப்படைத்திருந்தார். ஹெர்ட்ஸின் கொள்கை இன்றும் சுவை தருவது. உள்ளத்தில் ஓர் எண்ணம் தோன்றி நிலைத்து, அடுத்ததற்கு இடங்கொடுப்பதற்குக் குறித்த கால அளவு வேண்டும். எண்ணங்கள் அவ்வளவினைக் கடந்து விரைந்தோடின் உள்ளம் அவற்றைப் பிரித்தறிய மாட்டாது குழம்பும். அக்குழப்பமே தலைச்சுற்று என்பது அவர் துணிபு. செவியிலே இதன் காரணத்தைத் தேடவேண்டுமென்பது அக்காலத்தவர் எவருக்கும் தோன்றவில்லை. ஆயினும் நோயாளர் கூறும் அனுபவத்தை நூலளவில் எடுத்து ஆராய்ந்தமையால் ஹெர்ட்ஸுக்கு இவ்வரலாற்றில் அழியா இடமுண்டு.

ஹெர்ட்ஸுக்குப் பின்னர் ஆய்வு உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கியது. பொஹீமியாவைச் சேர்ந்த புர்கினியே, சுழன்று சுழன்று தம்மையே பரிசோதித்து, 1820இல் தலைச்சுற்றுப் பற்றிய தமது கட்டுரையை வெளியிட்டார். சுழலும்போது தலை எந்நிலையில் இருந்ததோ அதற்கேற்பவே பின்னர் உலகம் சுழல்வதாகத் தோன்றும் திசையும் அமைகின்றது என்பது அவர் கண்ட உண்மை. பிரெஞ்சு அறிஞர் புளூரன்ஸ் புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்களை வெட்டியபோது அவை நிலைகொள்ளாது சுழன்றதைக் கண்டார். 1861இல் பாரிஸில் மெனியேர் என்ற வைத்தியர், அதுவரை மூளையிற் குருதி மிகுவதால் வருவதெனக் கருதப்பட்ட தலைச்சுற்றுகளுட் சில உட்செவியிலிருந்தே பிறக்கின்றன என எடுத்துரைத்தார். இவ்வாறு, பசியால் வரும் கண்ணிருட்சியும் உயரத்தில் நிற்பவரின் நடுக்கமும் செவிநோயாளர் காணும் சுழற்சியும் ஒன்றல்ல என்பது தெளிவாயிற்று. எல்லாவற்றையும் 'ஷ்விண்டெல்' என ஒரே பெயரால் அழைப்பது இனி இயலாது. எனவேதான் 19ஆம் நூற்றாண்டின் மருத்துவ நடையிலே 'ட்றே' என்னும் அடை தேவைப்பட்டது. உயரத்தால் வருவது 'ஹ்யோஹென்ஷ்விண்டெல்', கப்பலில் நிற்பதுபோல ஊசலாடுவது 'ஷ்வாங்க்ஷ்விண்டெல்', சுழல்வது 'ட்றேஷ்விண்டெல்'. மறைதலைக் கூறிய மூலச்சொல் பொதுப்பெயராகத் தேய்ந்துவிட்டமையால், எதைச் சுட்டுகின்றோம் என்பதை அடைமொழியே கூறவேண்டியதாயிற்று.

இங்கு 1873ஆம் ஆண்டு தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டு மே 9ஆம் திகதி வியன்னாப் பங்குச் சந்தை சரிந்தது. 1871இல் ஜேர்மன் பேரரசு நிறுவப்பட்டதையடுத்து, பிரான்சு செலுத்திய ஐந்து பில்லியன் பிராங்கு போர்த்தண்டத்தாலும் தளர்த்தப்பட்ட கம்பனிச் சட்டத்தாலும் ஊக்கம் பெற்றுப் புதுக் கம்பனிகள் மழைக்காளான்போற் பெருகியிருந்தன. வியன்னாவின் சரிவைத் தொடர்ந்து இலையுதிர் காலத்திற் பேர்லினிலும் அவை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. மக்கள் இதனைக் 'கிருண்டர்ஷ்விண்டெல்', அதாவது கம்பனி நிறுவியோரின் மோசடி என்றனர். அதே ஆண்டு நவம்பரிலே, அதே வியன்னாவின் அறிஞர் அவைகளில் வேறொரு 'ஷ்விண்டெல்' விளக்கம் பெற்றது. பிராகா நகரில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஏர்ன்ஸ்ட் மாக், சுழலும் சட்டமொன்றில் தாமே அமர்ந்து நிகழ்த்திய பரிசோதனைகளின் முடிவுகளை வியன்னாக் கழகத்துக்குச் சமர்ப்பித்தார். வியன்னா வைத்தியரான யோசெப் புறோயர், சில நாள்கள் கழித்துத் தமது முடிவுகளை வைத்தியர் சங்கத்தில் அறிவித்தார். (பின்னாளில் புரொய்டுடன் இணைந்து உளநோய் பற்றிய நூலை எழுதியவரும் இவரே.) இருவரும் ஒருவரையொருவர் சாராது கண்டது ஒன்றே: அரைவட்டக் கால்வாய்களிலுள்ள திரவம் தலையின் திருப்பத்துக்குப் பின்தங்கி அசைவதனாலேயே சுழற்சியை நாம் உணர்கின்றோம். ஒரே வேகத்தில் நெடுநேரம் சுழற்றப்படுபவருக்கு அவ்வுணர்வு தேய்ந்து மறைகின்றது. நிறுத்தியவுடன் எதிர்த்திசையிற் சுழல்வதாகத் தோன்றுகின்றது. 'மறைதல்' என்ற பழைய வேர்ப்பொருள் பரிசோதனைக் கூடத்தில் எதிர்பாராமல் மீண்டும் தலைகாட்டியது எனச் சொல்லத் தோன்றுகின்றது; எனினும் இது வெறும் தற்செயல் என்பதை மறத்தலாகாது.

விஞ்ஞானிகள் சொல்லை உடலுக்கு மீட்டுக்கொண்டிருந்த வேளையில் அதனை ஆயுதமாக்கியோரும் இருந்தனர். ஓற்றோ கிளாகாவ் என்னும் பத்திரிகையாளர், இலட்சக்கணக்கான பிரதிகள் விற்பனையான 'கார்ட்டென்லௌபெ' என்னும் குடும்பச் சஞ்சிகையில் 1874இன் இறுதியிலிருந்து பேர்லின் பங்குச் சந்தை மோசடிகளைப் பற்றிக் கட்டுரைத் தொடர் எழுதினார். 1876இல் அது நூலாயிற்று. அதன் தலைப்பிலேயே 'ஷ்விண்டெல்' இடம்பெற்றது. நட்டமுற்ற நடுத்தர வகுப்பினரின் துயரம் உண்மையானது, மோசடிகளும் உண்மையானவை. ஆயின் கிளாகாவ் அவற்றின் பழியை யூதர்மேற் சுமத்தினார். வரலாற்றுச் சான்றுகளோ வேறுவிதமாகப் பேசுகின்றன. சந்தை சரிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, 1873 பெப்ரவரியில், பிரஷ்ய மன்றத்தில் எழுந்து இரயில்வே அனுமதிகளில் நிகழ்ந்த முறைகேடுகளை அம்பலப்படுத்தியவர் எடுவர்ட் லஸ்கர் என்னும் யூத உறுப்பினர். அவரது குற்றச்சாட்டுக்கு இலக்காகியவர்களுள் பிஸ்மார்க்கின் நெருங்கிய அலுவலரும் பழைமைவாதியுமான ஹெர்மன் வாகெனரும் ஒருவர். மோசடியை எதிர்த்து முதற்குரல் எழுப்பிய சமூகத்தையே மோசடிக்காரச் சமூகமாகச் சித்திரிக்க ஒரு சஞ்சிகைத் தொடர் போதுமாயிருந்தது. 'எனக்கு' என நின்றவர் 'நான்' என மாற்றி எழுதப்பட்டார். 1880களிலும் அதற்குப் பின்னரும் அந்நாட்டில் வளர்ந்த யூத எதிர்ப்பு அரசியலின் சொற்களஞ்சியத்தில் இவ்வெழுத்துகள் விட்டுச்சென்ற சுவடு ஆழமானது. தலைச்சுற்றைப் பற்றி ஜேர்மன் மொழியில் தனிநூல் எழுதி நோயாளரின் அனுபவத்துக்கு மதிப்பளித்த ஹெர்ட்ஸின் நகரிலேயே இது நிகழ்ந்தது என்பதை எண்ணாதிருக்க முடியவில்லை.

இரட்டைப் பொருளால் நோயாளருக்கும் தொல்லை உண்டு. காய்ச்சலைத் தொட்டறியலாம், புண்ணைக் கண்டறியலாம், தலைச்சுற்றோ அனுபவிப்பவருக்கு மட்டுமே தெரிந்தது. அவர் நடிக்கிறாரா இல்லையா என அறிய வழியின்றேல், 'ஷ்விண்டெல்' என்ற முறைப்பாடே 'ஷ்விண்டெல்' எனச் சந்தேகிக்கப்படலாம். இந்நிலையை மாற்றியவர் வியன்னாவைச் சேர்ந்த றொபேட் பாரானி. செவியினுள் நீர்பாய்ச்சிச் சுத்தஞ் செய்கையில் நோயாளர் சிலர் தலைசுற்றுவதாகக் கூறுவதை அவர் கேட்டு வந்தார். நீரின் சூடு போதாமையே காரணமென ஒரு நோயாளி கூற, அடுத்தமுறை அதிக சூடான நீரைப் பாய்ச்சினார். அப்பொழுதும் தலை சுற்றியது. ஆனால் நோயாளியின் கண்மணிகள் முன்னையதற்கு எதிர்த்திசையிலே துடித்தன. குளிர்நீரும் சுடுநீரும் கால்வாய்த் திரவத்தை எதிரெதிர்த் திசைகளில் அசைக்கின்றன என்ற விளக்கத்தை அவர் கண்டறிந்தது இவ்வாறே. கண்மணியின் துடிப்பை எவரும் நடித்துக்காட்ட இயலாதாகையால், நோயாளரின் கூற்றுக்குப் புறச்சான்று ஒன்று கிடைத்தது. 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டதாக 1915இல் அறிவிக்கப்பட்டபோது, இவர் ரஷ்யரிடம் போர்க்கைதியாக மேர்வ் நகரில் இருந்தார். சுவீடிஷ் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916இல் விடுதலையாகி, 1917 முதல் சுவீடனின் உப்சாலாவிற் பணியாற்றி, 1936இல் அங்கேயே காலமானார்.

பாரானியின் பரிசோதனை இன்றும் கைக்கொள்ளப்படுகின்றது. ஆயினும் பரிசோதனைக்கு முன்னர் ஜேர்மன் வைத்தியர் நோயாளரிடம் கேட்கும் கேள்வி எளிமையானது: இராட்டினத்தில் ஏறியதுபோல் இருக்கின்றதா, படகில் நிற்பதுபோல் இருக்கின்றதா? இராட்டினம் என்றால் 'ட்றேஷ்விண்டெல்'. படகு என்றால் 'ஷ்வாங்க்ஷ்விண்டெல்'. முன்னது உட்செவியை ஐயுறச் செய்யும். பின்னது வேறு காரணங்களையும் தேடச் செய்யும். கூரை வேய்வோரையும் மலையேறுவோரையும் பற்றிப் பேசும்போது ஜேர்மனியர் 'ஷ்விண்டெல்ஃப்றை' என்னும் மற்றுமொரு தொகையைக் கையாளுவர். உயரத்திலும் தலை சுற்றாதவர் என்பதே அதன் பொருள். பொய்யுரையாதவர் என்று அங்கே எவரும் பொருள்கொள்வதில்லை.